பக்கத்து இலைக்குப் பாயசம்!

நாமக்கல் மலையடிவாரத்தில், 18 அடி உயரத்தில், கூப்பிய கரங்களோடு நிற்கிறார் ஆஞ்சநேயர். தலைக்கு மேலே கூரை கிடையாது. வெயிலும் மழையும் நேராக அவர் மேல்தான் விழும். பார்வையோ, எதிரே குடைவரைக் கோயிலில் வீற்றிருக்கும் நரசிம்மரின் திருவடியை விட்டு அகலாது. அந்தக் கம்பீரத்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம், வடைமாலை சாற்றுகிறோம். அனுமன் ஜயந்தி அன்று, ஒரு லட்சத்து எட்டு வடைகள் கோத்த மாலை!

ஆஞ்சநேயர் கழுத்தில் இருக்கும்வரை அந்த மாலை அலங்காரம். இறக்கிய பிறகு, அது பிரசாதம். இப்போது அந்தப் பிரசாத வரிசையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சற்று முன்புவரை கண்மூடி நின்ற நாம்தான் அங்கேயும் நிற்கிறோம். ஆனால், முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலே நம் கை நீள்கிறது. ‘எனக்கு... எனக்கு...’ என்று குரல் எழும்புகிறது. ஒன்று வாங்கியவர், வீட்டில் இருப்பவர்களுக்கு என்று சொல்லி இன்னும் நான்கு வாங்குகிறார். நெரிசலில் பாதி வடை தரையில் விழுந்து மிதிபடுகிறது. வரிசையின் கடைசியில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை, காலி அண்டாவைத்தான் பார்க்கிறது.

நாமக்கல் என்று இல்லை. எந்த ஊர்க் கோயிலிலும் நாம் பார்க்கிற காட்சிதான் இது. பக்தி இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் கண்ணில் படவில்லை. அது ஏன்?

தெய்வத்தின் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சோற்றின் முன்னால் எப்படி உட்கார வேண்டும் என்பதை, பாதியில் விட்டுவிட்டார்கள். அந்தப் பாடத்தைச் சொல்லித்தர ஏற்ற இடம் ஒன்று, நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தினமும் மதியம் மணி அடித்ததும் அங்கே பந்தி தொடங்கிவிடும். அதுதான் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம்!

மணி அடிக்கிறது... பந்தி விரிகிறது!

சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளி எதற்கு வேண்டுமானாலும் மதிய நேரத்தில் போய்ப் பாருங்கள். கையில் வட்டலோடு குழந்தைகள் ஓடி வருவார்கள். சத்துணவு ஆயாம்மா பெரிய போசியைத் தூக்கி வந்து வைப்பார். சோறு, சாம்பார், வேகவைத்த முட்டை. அந்த முட்டையும் பெரும்பாலும் இந்த மண்ணில் விளைந்ததுதான். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் இருந்துதான் தமிழ்நாட்டின் பள்ளிகளுக்கு முட்டை போகிறது.

இந்தப் பந்திக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1920-ம் ஆண்டு, சென்னை மாநகராட்சியின் தலைவராக பிட்டி தியாகராயர் இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் குழந்தைகளுக்குச் சிற்றுண்டி தரத் தொடங்கினார்கள். 1956-ல் காமராஜர் அதை மாநிலம் தழுவிய மதிய உணவாக விரித்தார். 1982 ஜூலை 1-ம் தேதி, எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டம் ஆக்கினார். 1989-ல் கலைஞர் ஆட்சியில் வட்டலில் முட்டை சேர்ந்தது. 2010-ல் அது வாரத்துக்கு 5 முட்டை ஆனது. முட்டை சாப்பிடாத குழந்தைக்கு வாழைப்பழம். 2013-ல் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்களும் மசாலா முட்டையும் வந்தன. 2022 செப்டம்பர் 15-ல் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த திட்டத்தால் காலை உணவும் சேர்ந்தது.

கோயில்களில் 2002-ல் அன்னதானத் திட்டம் வந்தபோது மகிழ்ந்தோம். வடலூரில் வள்ளலார் பெருமான் 1867-ல் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிவதை நினைத்துச் சிலிர்க்கிறோம். யோசித்துப் பார்த்தால், பள்ளிக்கூடத்து அடுப்பும் அதே வரிசையில் வருவதுதானே? அங்கேயும் பசித்த வயிற்றுக்கு நெருப்பு மூட்டுகிறார்கள்.

ஆனால், ஒரு வித்தியாசம் இருக்கிறது. கோயில் பந்தியில் பரிமாற வாளியைப் பிடிக்க நான், நீ என்று போட்டி போடுகிறோம். பள்ளிக்கூடத்துப் பந்தியிலோ நூறு குழந்தைகளுக்கு நடுவே ஆயாம்மாவும் அமைப்பாளரும் தனியாக நிற்கிறார்கள். சமைப்பதும், பரிமாறுவதும், பாத்திரம் கழுவுவதுமே அவர்களுக்குப் பெரும்பாடு. ‘மெதுவாச் சாப்பிடு கண்ணு, பக்கத்துல தம்பிக்கு வந்துச்சான்னு பாரு’ என்று சொல்ல அவர்களுக்கு நேரம் ஏது?

அந்த வார்த்தையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

வாழை இலையின் நடுவே ஒரு கோடு

நம் பாட்டிமார்கள் சொல்லும் செவிவழிக் கதை ஒன்று. வால்மீகியில் தேடினால் கிடைக்காது. ஆனால், ஆஞ்சநேயர் கோயில் கதாகாலட்சேபங்களில் தவறாமல் வரும்.

இலங்கைப் போர் முடிந்து திரும்பும் வழியில், பரத்வாஜ முனிவரின் ஆசிரமத்தில் இராமபிரானுக்கும் பரிவாரத்துக்கும் விருந்து. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். இலையும் போட்டாயிற்று. அனுமனுக்கு மட்டும் இடம் இல்லை, இலையும் இல்லை. அவர் வாய் திறந்து கேட்கவில்லை. ஓரமாக ஒதுங்கி, கைகட்டி நின்றார்.

இராமன் என்ன செய்தான்? முதலில் தன் இலையைப் பார்த்தானாம். பிறகு, சுற்றிலும் பார்த்தானாம். ‘வா, என் எதிரே உட்கார்’ என்று அனுமனை அழைத்துத் தன் இலையிலேயே பங்கு கொடுத்தான். இலையின் நடுவே விரலால் ஒரு கோடு கிழித்தான். அதுவரை வாழை இலைக்கு நடுநரம்பே கிடையாது. அன்று இராமன் விரல் பட்ட தழும்புதான் இன்றும் ஒவ்வோர் இலையிலும் இருக்கிறது என்று முடிப்பார்கள்.

இலைக்கு நரம்பு எப்படி வந்தது என்பதா இந்தக் கதையின் சாரம்? இல்லை. சக்கரவர்த்தித் திருமகன், சாப்பிடும் முன்பு தலை நிமிர்ந்து பார்த்தான். யாருக்கு இலை இல்லை என்று பார்த்தான். சாப்பாட்டு மரியாதை என்று நாம் எதையெல்லாமோ சொல்கிறோமே... அதன் முதல் பாடமே இந்த ஒரு பார்வைதான்.

‘பக்கத்து இலைக்குப் பாயசம்’ என்று ஒரு கேலிப் பேச்சு உண்டு. தனக்கு வேண்டும் என்பதற்காக, பக்கத்து இலையைக் காட்டி ‘இவருக்குப் பாயசம் போடுங்க’ என்று குரல் கொடுக்கும் சாமர்த்தியசாலியைச் சொல்வது அது. அதே வார்த்தையை ஒரு குழந்தை உண்மையிலேயே, பக்கத்து இலைக்காகவே சொன்னால்? ‘ஆயாம்மா, இவளுக்கு இன்னும் சாம்பார் ஊத்தலைங்க!’ என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுந்து நின்று சொன்னால், அங்கே இராமன் கோடு கிழித்துவிட்டான் என்று அர்த்தம்.

பிருங்கி ஏன் நிற்க முடியவில்லை?

இந்த மாவட்டத்திலேயே இன்னொரு மலை, திருச்செங்கோடு. அங்கே அம்மையும் அப்பனும் ஓருடலாக, அர்த்தநாரீஸ்வரராக நின்ற கோலத்தில் அருள்கிறார்கள். அந்தக் கோலத்தோடு பிணைந்தது பிருங்கி முனிவரின் கதை.

பிருங்கி மகா பக்தர். ஆனால், சிவனை மட்டுமே வலம் வருவார். பக்கத்தில் இருக்கும் பார்வதியைத் திரும்பியும் பார்க்க மாட்டார். அம்மை, ஈசனை ஒட்டி நெருங்கி அமர்ந்தாள். அவரோ வண்டு உருவெடுத்து, இருவருக்கும் இடையே துளைத்துக்கொண்டு போய் ஈசனை மட்டும் சுற்றி வந்தார். ‘அப்படியானால், உன் உடம்பில் என் கூறாக இருக்கும் சதையையும் ரத்தத்தையும் கொடுத்துவிடு’ என்றாள் அம்மை. அடுத்த கணம், எலும்புக்கூடாய்ச் சரிந்தார் பிருங்கி. நிற்கக்கூட முடியவில்லை. இரக்கப்பட்ட ஈசன் ஊன்றிக்கொள்ள மூன்றாவது காலைத் தந்தார். அதன் பிறகு அம்மை கேதார கௌரி விரதம் இருந்து, ஈசனின் இடப்பாகம் பெற்றாள். ‘என்னை வணங்குகிறவன், என் பக்கத்தில் இருப்பவளை ஒதுக்க முடியாது’ என்பதை உடம்பாலேயே உணர்த்தினார் ஈசன்.

இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்துப் பந்தியில் வைத்துப் பாருங்கள்.

‘சோறு வேணும், ஆனா, அவன் பக்கத்துல உட்கார மாட்டேன்’ என்று ஒரு குழந்தை சொன்னால், அதுவும் பிருங்கியின் பிடிவாதம்தான். ஆனால், அதைக் குழந்தையா கண்டுபிடித்தது? வீட்டுத் திண்ணையில் யாரோ பேசியதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். 2018-ல், பக்கத்துத் திருப்பூர் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில், சத்துணவு சமைக்க வந்த பெண்மணியின் சாதியைக் காரணம் காட்டி, அவர் சமைக்கக் கூடாது என்று ஊரார் சிலர் தடுத்தார்கள். 2023-ல், கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் காலை உணவுக்கும் இதே சிக்கல் வந்தது. அப்போது மாவட்ட ஆட்சியர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பள்ளிக்கே நேரில் போனார். அந்தப் பெண்மணி சமைத்ததை வாங்கி, தானும் சாப்பிட்டார்.

எத்தனை உபதேசம் செய்தாலும் அந்த ஒரு கவளத்துக்கு ஈடாகுமா?

அன்னம் சமைப்பவரை ஒதுக்கிவிட்டு அன்னத்தை மட்டும் ஏற்பது, அம்மையை ஒதுக்கிவிட்டு அப்பனை மட்டும் சுற்றுவது மாதிரிதான். சதையும் ரத்தமும் போய்விடும். அப்புறம், எத்தனை கோயிலுக்குப் போனாலும் நம்மால் நிற்க முடியாது.

உலகமெங்கும் ஒரே வரிசை

‘பந்தி’ என்ற சொல்லுக்கு மூலம் ‘பங்க்தி’. வரிசை என்று பொருள். சீக்கியர்கள் தங்கள் குருத்துவாராக்களில் நடத்தும் அன்னதானத்தில், தரையில் வரிசையாக உட்காருவதை ‘பங்கத்’ என்கிறார்கள். அதே சொல்தான்! குரு அமர்தாஸைக் காண வந்த அக்பர் சக்கரவர்த்தியும், முதலில் அந்த வரிசையில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகே குருவைத் தரிசித்தார் என்பது அவர்களின் மரபு.

ஜப்பானில் பள்ளிக் குழந்தைகளே முறை வைத்துக்கொண்டு, தொப்பியும் மேலங்கியும் அணிந்து தங்கள் வகுப்புக்குப் பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அதே சாப்பாட்டை அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். எல்லோருக்கும் வைத்து முடிக்கும்வரை ஒருவரும் தொடுவதில்லை. பிறகு, ‘பணிவோடு பெற்றுக்கொள்கிறோம்’ என்ற பொருளில் ஒரே குரலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குகிறார்கள்.

நமக்கு இது புதிதா என்ன? ஆடி மாதத்தில் சேலம் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும்போது பாருங்கள். அம்மனுக்குப் படைத்ததும் அண்டாவைத் திறந்துவிடுவார்கள். சொம்போடு வந்தாலும், தூக்குப்போசியோடு வந்தாலும், வெறுங்கையோடு வந்தாலும் கூழ் உண்டு. யார் என்று கேட்பதில்லை. அந்தப் பெருந்தன்மை நம் ரத்தத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருநாள் வரும் அதை, தினமும் மதியம் வரவைப்பதுதான் நம் வேலை.

போகிறவர்கள் கவனிக்க...

‘சரி, நான் போகத் தயார்’ என்கிறீர்களா? சந்தோஷம். முதலில் தலைமை ஆசிரியரைப் பார்த்து அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர்கள் இருக்கும் மேலாண்மைக் குழு உண்டு; அவர்களிடமும் பேசுங்கள். பிறந்தநாளுக்கு ஒருநாள் போய், இனிப்பு கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு வருவது எளிது. நான் சொல்வது அது இல்லை. வாரத்தில் ஒரே ஒரு மதியம் போதும். ஆனால், விரதம் மாதிரி விடாமல் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை என்றால், எல்லாச் செவ்வாயும். குழந்தைகள் உங்களை எதிர்பார்க்கத் தொடங்கிய பிறகுதான் உங்கள் வார்த்தை அவர்கள் காதில் ஏறும்.

இன்னொன்று... அரசுப் பள்ளி என்பது எல்லா மதத்துக் குழந்தைகளும் அமரும் இடம். கோழிப்பண்ணை வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கலாம். அவர்களுக்குத் தமிழே அரைகுறையாகத்தான் வரும். உங்கள் ஸ்லோகத்தை அங்கே சொல்லச் சொல்லாதீர்கள். ‘ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கலாம். இந்தச் சோறு நமக்கு வர உழைச்சவங்களை நினைச்சுக்கலாம்’ என்றால் போதும். விதைத்தவர், மூட்டை தூக்கியவர், லாரி ஓட்டியவர், அடுப்பு முன்னால் நின்ற ஆயாம்மா என்று ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய மந்திரம் வேறு உண்டா?

பிறகு, சொல்லித் தருவதற்கு முன்பு உட்காருங்கள். பிரம்பு பிடித்த வாத்தியார் மாதிரி நின்றுகொண்டு ‘சிந்தாதே, பேசாதே’ என்று அதட்டினால், குழந்தை பயப்படும், பழகாது. ஆயாம்மாவிடம் கேட்டு, வீட்டில் இருந்து கொண்டுபோன டப்பாவைப் பிரித்து, அதே வரிசையில், அதே தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நீங்கள் கை கழுவுவதை அவர்கள் பார்க்கட்டும். நீங்கள் சிந்தாமல் சாப்பிடுவதை அவர்கள் பார்க்கட்டும். குழந்தைகள் காதால் கற்பதைவிடக் கண்ணால் கற்பதே அதிகம்.

பஞ்ச பழக்கங்கள்

என்ன சொல்லித் தருவது? நீளமான பட்டியல் வேண்டாம். ஒரு கை விரல்கள் மாதிரி ஐந்தே ஐந்து.

*1. கை கழுவிவிட்டு அமர்தல்:* கோயிலுக்குள் நுழையும் முன்பு கை, கால் கழுவுகிறோம். வயிற்றில் இருக்கும் அக்னிக்கு ஆகுதி கொடுப்பதாகத்தான் நம் பெரியவர்கள் சாப்பாட்டைப் பார்த்தார்கள். சோப்புப் போட்டு, விரல் இடுக்கு வரைக்கும் கழுவி, முண்டியடிக்காமல் குழாயடியில் வரிசையில் நிற்பதே முதல் பழக்கம்.

*2. எல்லோருக்கும் வரும்வரை பொறுத்தல்:* இலையைச் சுற்றி நீர் விளாவி, ஒரு கணம் நிதானித்துவிட்டுத்தான் உண்ணத் தொடங்குவது நம்மில் பலருடைய வீட்டு வழக்கம். காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டு உண்ணும் வீடுகளும் நிறைய. இரண்டும் சொல்வது ஒன்றுதான்: ‘நான் முதல் ஆள் இல்லை.’ கடைசி வட்டலில் சோறு விழும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது, ஆறு வயதுக் குழந்தைக்குப் பெரிய தவம்!

*3. வேண்டியதைக் கேட்டு வாங்குதல், வாங்கியதை உண்ணுதல்:* அன்னத்தை இகழக் கூடாது, தள்ளக் கூடாது என்று விரதமாகவே விதிக்கிறது தைத்திரீய உபநிடதம். ‘முதல்ல கொஞ்சம் வாங்கிக்கோ சாமி, அப்புறம் வேணும்னா கேளு’ என்று பழக்குங்கள். போதும் என்றால், ‘போதுங்க ஆயாம்மா’ என்று வாயால் சொல்லட்டும். வட்டலை வெடுக்கென்று இழுக்க வேண்டாம்.

*4. சிந்தாமல் உண்ணுதல்:* திருவள்ளுவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஓர் ஊசியும் வைக்கச் சொல்வாராம். ஏன் என்று வாசுகி அம்மையார் வாழ்நாள் முழுக்கக் கேட்டதே இல்லை. இறுதிக் காலத்தில்தான் கேட்டார். ‘நீ பரிமாறும்போது ஒரு பருக்கை கீழே விழுந்தால், ஊசியால் குத்தி எடுத்து, கழுவிச் சாப்பிடுவதற்காக வைக்கச் சொன்னேன். ஒருநாள்கூட நீ சிந்தவில்லை. அதனால் ஊசிக்கு வேலையே இல்லை’ என்றாராம் வள்ளுவர். இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். அன்றைக்குத் தாழ்வாரத்தில் ஊசிக்கு வேலை இருந்ததா, இல்லையா என்று குழந்தைகளே தேடிப் பார்ப்பார்கள்.

*5. எழும் முன்பு நன்றி சொல்லுதல்:* பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்து, அவரவர் வட்டலை அவரவரே கழுவி வைத்து, ஆயாம்மாவைப் பார்த்து ‘நல்லா இருந்துச்சுங்க’ என்று ஒரு வார்த்தை. அடுப்புப் புகையில் நின்றவருக்கு அதைவிடப் பரிசு ஏது?

பையில் போன முட்டை

இந்த ஐந்தையும் சொல்லித் தரும்போது, ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஒழுக்கம் சொல்லப் போகிறவரின் கண், முதலில் குற்றத்தைத் தேடும். அங்கேதான் நாம் சறுக்குகிறோம்.

ஒரு குழந்தை முட்டையைச் சாப்பிடாமல் மெள்ளப் பையில் போட்டுக்கொள்வதைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘திருட்டுத்தனம் பண்றியா?’ என்று கேட்டுவிட எத்தனை நொடி ஆகும்? கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் காதில் விழாமல், ‘யாருக்குக் கண்ணு?’ என்று கேளுங்கள். ‘தம்பிக்கு’ என்று பதில் வரலாம். வீட்டில் இன்னும் பள்ளிக்கூடம் போகாத ஒரு தம்பி இருக்கலாம். இந்தப் பிள்ளை, தன் வாய்க்குப் போக வேண்டியதை நிறுத்தி, அந்தத் தம்பிக்கு எடுத்துப்போகிறது.

யார் யாருக்கு ஒழுக்கம் சொல்லித் தருவது?

அந்தக் குழந்தையிடம், ‘முட்டை நேரம் ஆனா கெட்டுப்போயிடும் சாமி, இதை நீ சாப்பிடு. தம்பிக்கு என்ன செய்யலாம்னு பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். பிறகு, அமைப்பாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். அந்தத் தம்பி அங்கன்வாடிக்குப் போகிறானா என்று விசாரியுங்கள்; அங்கேயும் சின்னக் குழந்தைகளுக்குச் சாப்பாடு உண்டு. போகவில்லை என்றால், சேர்த்துவிட வழி செய்யுங்கள். நீங்கள் சாப்பாட்டு மரியாதை சொல்லப் போனது, இப்படி ஒரு வீட்டின் பசியில் போய் முடியலாம். அனுமனுக்கு இலை இல்லை என்பது இராமன் கண்ணில் பட்டதே, அந்தப் பார்வை இதுதான்.

அதேபோல, அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்ளும் குழந்தையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அது பேராசையாக இருக்காது. காலையில் இருந்து வெறும் வயிறாக இருக்கலாம். வாழைப்பழக் குழந்தையை முட்டைக் குழந்தை கேலி செய்தாலும், முட்டைக் குழந்தையைப் பார்த்து வாழைப்பழக் குழந்தை மூக்கைப் பிடித்தாலும், இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவையுங்கள். ‘அவங்கவங்க வீட்டுப் பழக்கம் அவங்கவங்களுக்கு. ஆனா, வரிசை ஒண்ணுதான்’ என்று சொல்லுங்கள். விரதம் இருப்பவர்களுக்கும் இருக்காதவர்களுக்கும் இதைவிட நல்ல உபதேசம் நமக்கே கிடைக்காது!

அன்னபூரணி காத்திருக்கிறாள்

காசியில் கையில் கரண்டியோடு அன்னபூரணி அருள்கிறாள். அவள் முன்னால் திருவோடு ஏந்தி ஈசனே நிற்கிறார். உலகுக்கெல்லாம் படியளப்பவரே கை நீட்டி வாங்கும் கோலம் அது. வாங்குவதில் தாழ்வு இல்லை. கொடுப்பதில் கர்வம் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சித்திரம் வேண்டுமா? சத்துணவு வாங்கும் குழந்தையை ‘இலவசச் சாப்பாடு’ என்று இளக்காரமாகப் பார்க்கும் கண், அந்த ஈசனையே இளக்காரமாகப் பார்க்கிறது. அந்தக் குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து, மரியாதையோடு கேட்டு, மரியாதையோடு சாப்பிடப் பழகுவது, நாளைக்கு எந்தப் பந்தியிலும் அது தலை குனியாமல் இருப்பதற்காக.

அப்படிப் பழகிய பிள்ளைகள் வளருவார்கள். நாளைக்குக் கல்யாண மண்டபத்தில் பரிமாறுவார்கள். கோயில் அன்னதானத்தில் வாளி பிடிப்பார்கள். அனுமன் ஜயந்தி அன்று நாமக்கல்லில் பிரசாத வரிசையில் நிற்பார்கள். அப்போது முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலே அவர்கள் கை நீளாது. ‘பின்னால ஒரு குழந்தை நிக்குது, அதுக்கு முதல்ல கொடுங்க’ என்று சொல்வார்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து மணி எத்தனை மணிக்கு அடிக்கும் என்று விசாரித்து வையுங்கள். அடுத்த வாரம், ஒரு மதியத்தை அந்தப் பந்திக்குக் கொடுங்கள். போகும்போது டப்பாவில் உங்கள் சாப்பாடும் இருக்கட்டும். குழந்தைகள் நடுவே இடம் கேட்டு உட்காருங்கள். ‘இங்க வாங்க... இங்க வாங்க...’ என்று இரண்டு பக்கமும் நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.

அர்த்தநாரீஸ்வரரும் ஆஞ்சநேயரும் உங்களுக்குத் துணை நிற்கட்டும். எல்லா வட்டலிலும் அன்னம் நிறையட்டும்!